ரோட்டிலிருந்து தெரியும் வயல்

1

கிராமத்தைப் படம் பிடிப்பது நம்மிடையே கிட்டத்தட்ட ஒரு வழிபாடாகிவிட்டது. அஸ்தமன சூரியன், ஒற்றைப் பனை, மாட்டு வண்டி, கரிய நிழலாக ஒரு மனிதன். இந்த நான்கும் இருந்துவிட்டால் படம் 'மண்ணின் கவிதை' ஆகிவிடும். காலண்டர்காரர்களும் பத்திரிகை அட்டைக்காரர்களும் வெகு காலமாக இதைத்தான் விற்று வந்திருக்கிறார்கள். அவர்கள் தொழில் அது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் கவலை வேறு. காலண்டர் அழகைக் கேலி செய்யத் தெரிந்த, தங்களைத் தீவிரமானவர்களாக எண்ணிக்கொள்கிற ஒரு சிறு கூட்டத்தாரிடையே (என்னையும் சேர்த்துத்தான்) சமீப வருஷங்களில் இன்னொரு வழிபாடு தோன்றியிருக்கிறது. டெலிபோனிலேயே ஆயிரம் படம் எடுத்துவிடலாம் என்றான பிறகு, பழைய பிலிம் காமிராவைத் தேடிப் பிடித்து, சுருள் ஒன்றுக்கு 36 படம் என்ற கட்டுப்பாட்டோடு எடுப்பது. 'பிலிமில் எடுத்தேன்' என்று ஒருவர் சொன்னால் அது ஒரு தொழில்நுட்பத் தகவலாக மட்டும் ஒலிப்பதில்லை. ஒழுக்கச் சான்றிதழாகவும் ஒலிக்கிறது. நிதானமாகப் பார்த்தேன், பொறுக்கி எடுத்தேன், காத்திருந்தேன் என்று பொருள். அதோடு ஸைக்கிளில் போய் எடுத்தேன் என்றும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வேகத்துக்கு எதிரான இரட்டைத் துறவு.

இந்த இரண்டு சான்றிதழும் எனக்கும் வேண்டியிருந்தது. ஆயுத பூஜை விடுமுறையோடு நாலு நாள் லீவைச் சேர்த்துக்கொண்டு, கியர் இல்லாத கறுப்பு ஸைக்கிளில், மேட்டூரிலிருந்து கோடிக்கரை வரை ஆறு நாள் போனேன். பவானி, ஈரோடு, கரூர், திருச்சி, கல்லணை, தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம், வேதாரண்யம். சுமார் 400 கிலோமீட்டர். தோளில் ஒரு பென்டாக்ஸ் கே1000. 1976லிருந்து 1997 வரை தயாரான காமிரா. வெளிச்சமானியைத் தவிர வேறெதற்கும் பாட்டரி தேவையில்லாதது. மூன்று சுருள் கறுப்பு வெள்ளை பிலிம். 108 படங்கள், ஓர் அஷ்டோத்திரத்துக்குச் சரியாக.

இந்தக் கட்டுரை அந்தப் பிரயாணத்தைப் பற்றியதல்ல. பிரயாணம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பற்றியது. சாலையோர டீக்கடைகளையும் பங்க்சர்களையும் பற்றிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன.

2

நமக்கு முன்னால் இந்தப் பாதையில் காமிராவோடு போனவர்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒவ்வொருவரும் ஏறியிருந்த வாகனத்துக்கும் அவர்கள் படத்துக்கும் உள்ள உறவு யோசிக்க வேண்டிய ஒன்று.

மதராஸ் ராஜதானி அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் சுற்றினார். 1858ல் படங்கள் வெளியாயின. காகித நெகடிவ்; நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டிய லென்ஸ். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அசாத்தியமான உழைப்பு. ஆனால் ட்ரைப்பின் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மனிதர்கள் இல்லை. நகர்கிற உயிர் எதுவும் அந்தக் காகிதத்தில் பதியாது என்பது ஒரு காரணம். கல்தான் அவருக்கு வேண்டியிருந்தது என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டில் எது முதலில் என்று கேட்டால் பதில் சொல்வது சுலபமில்லை. கருவியின் குறையும் பார்வையின் குறையும் ஒன்றையொன்று சாக்காகக் காட்டிக்கொண்டு சௌகரியமாகக் குடித்தனம் நடத்துகின்றன.

1888ம் வருஷம் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஈஸ்ட்மன், 100 படங்களுக்கான சுருளைப் பொதித்த முதல் கொடாக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டன்லப், காற்றடைத்த டயருக்குப் பேடன்ட் வாங்கினார். காமிராவும் ஸைக்கிளும் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டும் பொருள்களானதில் இந்த இரண்டுக்கும் பெரும் பங்குண்டு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே இரண்டும் சேர்ந்து நம் ஊருக்கு வந்துவிட்டன.

வந்தவர்கள் அமெரிக்கத் தம்பதி: ஃபேனி புல்லக் வொர்க்மன், அவர் கணவர் வில்லியம். 1897 நவம்பரில் தொடங்கி இரண்டரை வருஷம் இந்தியா, இலங்கை, பர்மா, ஜாவா என்று சுற்றினார்கள். இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை வரை சுமார் 4000 மைல் ஸைக்கிளில். ஆளுக்கொரு கம்பளி, தேயிலை, பிஸ்கோத்து, டப்பா இறைச்சி, ரிப்பேர் சாமான். ஒரு நாளைக்கு 40 பங்க்சர் வரைகூட ஒட்டியிருக்கிறார்கள். தங்க இடம் கிடைக்காத இரவுகளில் ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் படுத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் இதைச் செய்தார் என்பதற்கு நான் தலை வணங்கத் தயார். 1904ல் அவர்கள் புத்தகம் வந்தது. தலைப்பில் 14,000 மைல் என்று இருக்கிறது. கோயில்களும் உண்டு, மக்களும் உண்டு. உள்ளே போனால் பழைய கட்டடக்கலைக்குத்தான் ராஜ மரியாதை. மக்கள் தலைப்பளவில் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் சுற்றிய அதே காலத்தில்தான் 1899-1900 பஞ்சம் மேற்கிந்தியாவையும் மத்திய இந்தியாவையும் சூறையாடிக்கொண்டிருந்தது. ஸைக்கிளின் நிதானம், மண்ணோடு ஒட்டிய பயணம் என்றெல்லாம் இன்று நாம் பேசுகிறவை அத்தனையும் அவர்களிடம் இருந்தன. அவை எதுவும் தாமாக ஒரு முகத்தை அவர்கள் கண்ணில் கொண்டுவந்து நிறுத்திவிடவில்லை.

இதற்கு எதிர்க்கோடியில் ரகுபீர் சிங். அவர் காலமானதற்குப் பிறகு 2002ல் வெளிவந்த ஒரு புத்தகத்தில், அம்பாஸடர் காரின் ஜன்னலையும் கதவையும் கண்ணாடியையும் படத்துக்குள்ளேயே வைத்து இந்தியாவை எடுத்திருக்கிறார். கார் என்பது வேகம், வசதி, அந்நியம். அதை மறைக்காமல் படத்தின் பாதியை அதற்கே கொடுத்துவிடுகிறார். 'நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன்' என்று படமே சொல்லிவிடுகிறது. வாகனத்தால் வந்த நேர்மை அல்ல இது. வாகனத்தை ஒப்புக்கொண்டதால் வந்த நேர்மை.

என் ஸைக்கிள் என் 108 படங்களில் ஒன்றில்கூட இல்லை.

3

தஞ்சாவூர் தாண்டி நீடாமங்கலம் போகிற வழியில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. இப்போது இயந்திர நடவும், கடைமடைப் பக்கம் நேரடி விதைப்பும் பெருகிவிட்ட பிறகு, பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுவது என்பது தேடிப் பார்க்க வேண்டிய காட்சியாகிக்கொண்டு வருகிறது. அரிதாகிற பொருளுக்கே உரிய ஆவலோடு பிரேக் பிடித்தேன்.

ஸைக்கிளிலிருந்து படம் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. காலை ஊன்றி, ஸ்டாண்டு போட்டு, பையைத் திறந்து காமிராவை வெளியே எடுப்பதற்குள் எதிரே இருப்பவர்கள் உங்களைப் பார்த்துவிடுகிறார்கள். அவர்களும் பார்த்தார்கள். பன்னிரண்டு பேர். ஒருவர் நிமிர்ந்து ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குனிந்துகொண்டார்கள். நான் அந்தச் சிரிப்பை எடுக்கவில்லை. குனிந்த பிறகுதான் எடுத்தேன். ஏன் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. குனிந்திருந்தால்தான் அது 'நடவு' என்று எனக்குள் யாரோ முன்பே தீர்மானித்திருந்தார்கள்.

இன்னொன்றும் அப்போது தோன்றவில்லை. டெல்டாவில் ரோடு பெரும்பாலும் வயலைவிட உயரமாக இருக்கும், வெள்ளத்துக்குத் தப்ப. ரோட்டில் நிற்கிறவன் குனிந்து வேலை செய்கிறவர்களை மேலிருந்து பார்க்கிறான். இந்த இடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பண்ணையார் குடை பிடித்து நின்ற இடம். அவர் வராத நாளில் அவருடைய ஏஜெண்ட் நின்று ஆள் கணக்கு எண்ணிய இடம். என் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் நின்றது சரியாக அந்த இடத்தில். காட்சியின் அழகு என்று நான் நினைத்தது (நீண்ட வரிசை, ஒரே சீரான வளைவுகள், நீரில் விழுந்த வானம்) முழுவதும் மேலிருந்து பார்த்ததால் கிடைத்த அழகு. வரப்பில் இறங்கி நின்றிருந்தால் வரிசை கலைந்திருக்கும். முதல் பெண்ணின் முதுகு மற்றவர்களை மறைத்திருக்கும். வேலை தெரிந்திருக்கும், 'காம்பொஸிஷன்' போயிருக்கும்.

இனி வெளிச்சமானி. இது கொஞ்சம் தொழில்நுட்ப விஷயம், ஆனால் விமர்சனத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. காமிராவுக்குள் இருக்கும் ஊசி, தன் முன்னால் உள்ள காட்சி முழுவதையும் சராசரியாக ஒரு நடுச் சாம்பல் நிறமாகக் கற்பனை செய்துகொள்கிறது. தண்ணீர் கட்டிய வயலில் மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம். ஊசி இந்த இரண்டு வானங்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு 'வெளிச்சம் ஜாஸ்தி, குறை' என்கிறது. குறைத்தால் வானம் அழகாக வரும், மேகத்தின் ஒவ்வொரு மடிப்பும் வரும். இரண்டு வானங்களுக்கும் நடுவே, வெயிலில் கறுத்து, சேலைத் தலைப்பின் நிழலில் தொங்குகிற முகம் முழு இருட்டாகிவிடும். ஊசி சொன்னதை அப்படியே கேட்டு 16க்கு மூடி, ஐநூறில் ஒரு பங்கு வினாடி வைத்தேன். இரண்டு ஸ்டாப் திறந்திருக்க வேண்டும்.

ஊசி மட்டும் என்றில்லை. ஆன்ஸல் ஆடம்ஸ் வகுத்த ஸோன் முறையில், ஆறாவது ஸோன் வெயிலில் தெரியும் சராசரி வெள்ளைக்காரத் தோல். கறுத்த தோலுக்கு அதற்கு ஒரு படி கீழே, சாம்பல் நிறக் கல்லோடு சேர்த்து இடம். கலர் பிலிமைச் சரிபார்க்க லாபரட்டரிகளுக்கு அனுப்பப்பட்ட அட்டைகளில் வெகு காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. இது யாரோ உட்கார்ந்து செய்த சதி அல்ல. அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்கள் முகமே அளவாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆக, நம் கலையுணர்வின் சிகரமாகக் கொண்டாடப்படும் அந்த நிழலுருவம், வானத்துக்கு விசுவாசமாக இருந்ததால் மனிதனை இழந்த விபத்து. விபத்தை நாம் ஒரு அழகியலாக்கிவிட்டோம். நிழலுருவத்துக்கு வயது இல்லை, சாதி இல்லை, கூலி இல்லை. 'உழவன்' என்ற ஒரு கருத்து மட்டும் ஏரோடு நிற்கிறது. இதைவிடச் செளகரியமான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்?

இதையே எழுத்துக்கும் நீட்டிப் பார்க்கலாம். மண்வாசனை எழுத்து என்று நம்மிடையே பெயர் பெற்றவற்றில் பெரும்பகுதி வானத்துக்கு எக்ஸ்போஸ் செய்யப்பட்டவை. ஆற்றின் சுழிப்பு வந்துவிடும், வெற்றிலைக் கொடிக்காலின் குளிர்ச்சி வந்துவிடும், காவிரிக் கரைப் படித்துறையில் இறங்கும் வெயில் படி படியாக வந்துவிடும். அந்தக் கொடிக்காலில் தண்ணீர் இறைத்தவன் ஒரு வாக்கியத்தின் ஓரத்தில் கறுப்பாக நகர்வான். இதற்கு நேர் எதிராக, 1979ல் வந்த பூமணியின் 'பிறகு'வை எடுத்துக்கொள்ளுங்கள். கரிசல் பூமி அந்த நாவலில் வர்ணனையாக நிமிர்ந்து நிற்பதே அபூர்வம். செருப்புத் தைக்கிற அழகிரியின் கையும் அவன் பேச்சும் தெரிகிற அளவுக்கு லென்ஸ் திறந்திருக்கிறது. நிலம் அவன் நடந்து போகிற தூரமாகவும் அவனுக்குக் கிடைக்கிற வேலையாகவும் மட்டுமே தென்படுகிறது. வானம் வெளிறிப் போனால் போகட்டும் என்கிற தைரியம் அது. அந்தத் தைரியத்தைத் தமிழ் விமர்சனம் 'எளிமை' என்று பெயரிட்டு நகர்ந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

4

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் வழியில் கீழ்வேளூர். அங்கிருந்து உள்ளே போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட ஊர்.

நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். காமிராவை வெளியே எடுக்கக் கூசியது. கூச்சம் போனதும், நினைவிடத்தை எடுக்காமல், திரும்பி வயலை எடுத்தேன். நினைவுச் சின்னத்தை எல்லோரும் எடுப்பார்கள், நான் நிலத்தை எடுக்கிறேன் என்று ஓர் அறிவாளித்தனமான எண்ணம். நிலம்தானே எல்லாவற்றுக்கும் காரணம், அதன் மௌனம் பேசும் என்று.

மௌனம் பேசவில்லை. வீட்டில் டெவலப் செய்து, கான்டாக்ட் ஷீட் போட்டுப் பார்த்தபோது, மூன்றாவது சுருளில் ஐந்து வயல் படங்கள் வரிசையாக இருந்தன. பச்சை எல்லாம் ஒரே சாம்பல். அடிவானத்தில் தென்னை. எது கீழ்வெண்மணி என்று என்னால் சொல்ல முடியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மின் கம்பத்தை எண்ணிப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த எண்தான் கடைசியில் காட்டிக் கொடுத்தது. க்ரூப் ஆலையின் புகைப்படம் அந்த ஆலையைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை என்று ப்ரெக்ட் சொன்னதை வால்டர் பெஞ்சமின் 1931லேயே எடுத்துக் காட்டியிருக்கிறார். படித்தபோது தலையாட்டியிருக்கிறேன். கையில் பிடித்துப் பார்க்கிறபோது அது வேறு மாதிரி உறைக்கிறது.

இந்த இடத்தில் வாகனம் மறுபடியும் வருகிறது. வழக்கில் முதலில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973ல் விடுதலை செய்தது. அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று பிரசித்தம்: இவர்கள் பெரும் பணக்காரர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்கிற பொருளில். காரில் போகிறவன் நடக்க மாட்டான். ஆகவே அவன் அங்கே இல்லை. வாகனம் ஒரு மனிதனின் குணத்துக்குச் சாட்சியாகிவிட்டது. நான் ஸைக்கிளில் போனதையும் பிலிமில் எடுத்ததையும் என் பார்வையின் குணத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது தர்க்கத்தின் அமைப்பில் அதிலிருந்து எந்த விதத்தில் வேறு? விளைவுகள் வேறு; ஒப்பிடவே கூடாத அளவுக்கு வேறு. ஆனால் தர்க்கம் அதேதான்.

கீழ்வெண்மணி பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975) முக்கியமானது, முக்கியமாகச் சர்ச்சைக்குள்ளானது. நிலப்பிரபுவின் ஆண்மைக் குறையில் காரணம் தேடுகிறார் என்பது அப்போதைய குற்றச்சாட்டு. என் குறை வேறு. நாவலில் வெளிச்சம் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். டில்லியிலிருந்து வந்த கோபால் மேல். அவனைத் தேடி வருகிற சிவா மேல். நாயுடுவின் மனச்சிக்கல் மேல். விவாதிக்கத் தெரிந்த எல்லோருக்கும் முகம் இருக்கிறது. எரிந்தவர்கள் நெருப்பின் முன்னால் நிழலுருவங்கள். நெருப்புக்கு எக்ஸ்போஸ் செய்தால் அப்படித்தான் வரும். ஆசிரியரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. அவர் நின்ற இடம் ரோடு என்கிறேன். நான் நின்ற இடமும் அதுதான் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

5

நீடாமங்கலம் வயலில் நான் கிளம்பும்போது, வயதில் மூத்த ஒரு அம்மாள் வரப்பிலிருந்து கேட்டாள்: "படம் புடிச்சியளே தம்பி, எப்பத் தருவிய?"

"கழுவிக் கொண்டு வந்து தரேம்மா" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சொல்வதுதான்.

எங்கள் ஊரில் ஒரு ஸ்டூடியோக்காரர் இன்னும் என்லார்ஜரைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். ஊட்டியில் 1960ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்து வந்த காலத்தில் வாழ்ந்தவர். அது மூடப்பட்டது பற்றி ஒரு சாவைப் போலப் பேசுவார். நெகடிவை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"வானம் ரொம்ப நல்லாருக்கு சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆள் இல்லையே" என்றார்.

"பன்னிரண்டு பேர் இருக்காங்களே."

"இருக்காங்க. நெகடிவ்ல இல்ல. இங்க பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. இதுல என்ன பண்ணாலும் வராது. வெளிச்சம் விழாத இடத்த டார்க் ரூம்ல உண்டாக்க முடியாது சார். அதிகமா விழுந்திருந்தா அடக்கலாம்."

நெகடிவின் இலக்கணமே இதுதான். அதிகம் பெற்ற இடம் கெட்டியாகக் கறுத்து, எல்லாவற்றையும் தனக்குள் வைத்திருக்கும். பிரின்ட் போடும்போது அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டி மீட்டுவிடலாம். எதுவும் பெறாத இடம் வெறும் பிளாஸ்டிக். அதனால்தான் நிழலுக்கு எக்ஸ்போஸ் செய் என்பது பழைய பாடம். எத்தனை நிதானமாகப் போனேன், எத்தனை பொறுக்கி எடுத்தேன் என்பதெல்லாம் அந்த வெறும் இடத்தில் ஒரு துளிகூட வெள்ளி சேர்க்கவில்லை.

இங்கே என் பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் வங்கியில் குமாஸ்தா. தினமும் நூற்றுக்கணக்கான முகங்களைப் படமாகப் பார்க்கிறவன். பாஸ்போர்ட் ஸைஸ், வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும். பயிர்க் கடன் என்றால் சிட்டா, அடங்கல் வேண்டும். ஆகவே வயலில் நடுகிற பெண்கள் அந்த மேஜைக்கு வருவதில்லை. அவர்கள் சுயஉதவிக் குழுக் கணக்கில் பன்னிரண்டு பேராக, பதினைந்து பேராக, ஒரே விண்ணப்பத்தில் வரிசையாக ஒட்டப்பட்டு வருகிறார்கள். முகம் இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. நிலம் இல்லை என்பதை அந்த வெள்ளைப் பின்னணியைவிடத் துல்லியமாகச் சொல்லும் படத்தை நான் பார்த்ததில்லை. கலைஞனின் படத்தில் நிலம் இருக்கிறது, முகம் இல்லை. வங்கியின் படத்தில் முகம் இருக்கிறது, நிலம் இல்லை. ஒரே பெண்தான் இரண்டிலும்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். ஸைக்கிள் இல்லை; அதற்கு இனி என்ன அவசியம். விசாரித்துக்கொண்டு தெருவைக் கண்டுபிடித்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் அந்த அழகான படம். ஐந்தாறு பேர் கூடினார்கள். படம் கை மாறியது. யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாள் கேட்டாள்: "இதுல நான் எங்க இருக்கன்?"

ஒரு இளம் பெண் எட்டிப் பார்த்து, நாற்று முடி கிடக்கிற இடத்தை வைத்து, "இதான் நீ. இது நான். அந்தக் கடைசில நிக்கிறது யாருன்னு தெரியல" என்றாள். குனிகிற தினுசை வைத்து ஒவ்வொரு நிழலுக்கும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பதினோரு பேர் தேறினார்கள். பன்னிரண்டாவது நிழல் யார் என்பதில் கடைசி வரை இரண்டு கட்சி. வயல் யாருடையது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பார்த்த உடனே சொல்லிவிட்டார்கள்.

நான் சந்தித்த விமர்சகர்களில் இவர்களைவிடக் கறாரானவர்கள் இல்லை. நான் எடுத்தது வயலின் படம் என்று அவர்கள் ஒரே நிமிஷத்தில் கண்டுவிட்டார்கள்.

"பேங்குல ஒட்டற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டுப் போ தம்பி" என்றாள் அந்த அம்மாள். வாசலிலேயே நிற்கிறேன் என்றாள். நான் வயலுக்கு வர முடியுமா என்று கேட்டேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்பது போலப் பார்த்துவிட்டு, வந்தாள். வரப்பில் நிற்க வைத்து, நானும் இறங்கி, கிட்டப் போய், உள்ளங்கையை அவள் முகத்தருகே நீட்டி அதிலிருந்து வெளிச்சம் அளந்து, மூன்று படம் எடுத்தேன். ஊசி வேண்டாம் வேண்டாம் என்று உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

நெகடிவில் முகம் முழுவதும் இருக்கிறது. நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி இருந்த துளை, என்னை அவ்வளவாக நம்பாத கண். பின்னால் வயல் கெட்டியான கறுப்பு. முதலில் போட்ட பிரின்டில் அது வெறும் வெள்ளையாக வந்தது. எங்கள் வங்கி மறுக்க முடியாத வெள்ளை. அதை அவளுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இன்னொரு பிரின்ட் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, வயலுக்கு மட்டும் நாலு மடங்கு, ஐந்து மடங்கு நேரம் வெளிச்சம் காட்டி. வயல் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கை அசைந்தால் முகத்தைச் சுற்றி ஒரு கறை விழுகிறது, ஏதோ தேவதைக்குப் போட்ட ஒளிவட்டம் மாதிரி. அதைக் கிழித்துப் போட வேண்டியிருக்கிறது. இதுவரை ஒன்பது பேப்பர் வீண். ஸ்டூடியோக்காரர் பேப்பர் விலையைச் சொல்லிவிட்டு, "விட மாட்டிய போல இருக்கே சார்" என்கிறார்.